ஸ்பெயினில் ரிட்டயர் ஆனால் செலவு குறையுமா?

"ரிட்டயர் ஆனவர்கள் வாழச் சிறந்த பத்து நாடுகள்" என்று வருடா வருடம் ஏதாவது ஒரு பத்திரிகை பட்டியல் போடும். ஸ்பெயினும் போர்ச்சுகலும் அதில் கட்டாயம் இருக்கும். கூடவே ஒரு படம். நீலக்கடல், வெள்ளையடித்த வீடு, தொப்பி போட்ட ஒரு தாத்தாவும் பாட்டியும், கையில் ஒயின் கிளாஸ். படத்துக்குக் கீழே ஒரு டேபிள்: வாடகை இவ்வளவு, காய்கறி இவ்வளவு, காபி இவ்வளவு. கூட்டிப் பார்த்தால் லண்டனில் ஆவதில் பாதிதான் ஆகும். அவ்வளவுதான், பெட்டியைக் கட்டுங்கள் என்று கட்டுரை முடிந்துவிடும்.

பி.காம் மூன்றாம் வருஷம் படிக்கிறவனுக்கு இந்த மாதிரி டேபிளைப் பார்த்தால் சிவப்புப் பேனாவை எடுக்கத் தோன்றும். அதிலுள்ள எண்கள் பொய் இல்லை. அலிகாந்தேயில் காபி லண்டனைவிட மலிவுதான். சிக்கல் என்னவென்றால் அது வெறும் வரவு செலவுக் கணக்கு, அதுவும் முதல் வருஷத்துக் கணக்கு. 66 வயதில் கிளம்புகிற ஒருவர் 86 வரை வாழ்ந்தால் அது இருபது வருஷத்துக் கணக்கு. அந்த இருபது வருஷத்தில் மிகப் பெரிய செலவாக வரக்கூடிய ஒன்று எந்த டேபிளிலும் இருப்பதில்லை. திரும்பி வர வேண்டியிருந்தால் என்ன ஆகும் என்பதுதான் அது.

என் கருத்து இதுதான். வெளிநாட்டில் போய் ஓய்வெடுப்பது தப்பே இல்லை. ஆனால் திரும்பி வருவதற்கான செலவைத் தனியாக எடுத்து வைக்க முடியாதவர், "அங்கே மலிவு" என்ற ஒரே காரணத்துக்காகப் போகக்கூடாது. அதாவது, யாருக்கு இந்த மலிவு மிகவும் தேவையோ அவர்களுக்குத்தான் இது மிகவும் ஆபத்து. ஏன் என்று வரிசையாகப் பார்ப்போம்.

யார் போகிறார்கள்?

ஐரோப்பாவுக்குள்ளேயே வடக்கிலிருந்து தெற்கே போய் ஓய்வெடுப்பது புதுசு இல்லை. 1960களில் சுற்றுலாக் கம்பெனிகள் விமானமும் ஓட்டலும் சேர்த்து மலிவு பேக்கேஜ் போட ஆரம்பித்தன. இங்கிலாந்து, ஜெர்மனி ஆட்கள் பெனிடோர்ம், கோஸ்டா டெல் சோல், போர்ச்சுகலின் அல்கார்வ் பக்கம் வெயில் காயப் போனார்கள். விடுமுறைக்குப் போன இடம் பிடித்துப்போய், ரிட்டயர் ஆனதும் அங்கேயே வீடு வாங்கினார்கள். 1986ல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தன. அதற்குப் பிறகு போக்குவரத்து, தங்குவது, மருத்துவம் எல்லாம் படிப்படியாக எளிதானது. இன்றைக்கு ஸ்பெயினில் பதிவு செய்துகொண்டு வாழும் பிரிட்டிஷ்காரர்கள் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர். அவர்களில் வயதானவர்கள் பங்கு அதிகம்.

எனவே இந்தக் கட்டுரைக்கு பிரிட்டிஷ் பென்ஷன்காரரையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். நம்ம அக்கவுண்ட்ஸ் புத்தகத்தில் வருகிற மாதிரி அவரைத் திரு. எக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். வயது 66. இங்கிலாந்தின் முழு அரசு பென்ஷன் வாங்குகிறார். 2025-26ல் அது வாரத்துக்கு 230.25 பவுண்டு. வருஷத்துக்கு 52 வாரம் என்று போட்டால் 11,973 பவுண்டு, மாதத்துக்குச் சுமார் 998. ஒரு பவுண்டுக்கு 1.15 யூரோ என்று வைத்தால் கையில் வருவது மாதம் 1,147 யூரோ சொச்சம்.

முதல் தடை: வாசலில் கேட்கும் பணம்

2020 டிசம்பர் 31 வரை திரு. எக்ஸ் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினால் போதும். அதற்குள் போய்க் குடியேறியவர்களின் உரிமையைப் பிரெக்ஸிட் ஒப்பந்தம் காப்பாற்றியிருக்கிறது. அதற்குப் பிறகு போகிறவர் ஸ்பெயினுக்கு நம்மைப் போலத்தான், விசா வாங்க வேண்டிய வெளிநாட்டுக்காரர்.

விசா இல்லாமல் போனால் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள் மட்டும் தங்கலாம். அது ஸ்பெயினுக்கு மட்டுமான கணக்கு கிடையாது, ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து. முன்பெல்லாம் அக்டோபரில் போய் மார்ச்சில் திரும்புகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அந்தப் பழக்கம் அப்படியே அடிபட்டுப் போனது. பாஸ்போர்ட்டில் முத்திரை சரியாக விழவில்லை என்று தப்பிக்கவும் வழியில்லை. 2025 அக்டோபர் முதல் கைரேகை, முகப்படத்தோடு நாள் எண்ணும் கம்ப்யூட்டர் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள்.

நிரந்தரமாகத் தங்க ஸ்பெயினில் ஒரு விசா உண்டு. வேலை பார்க்க மாட்டேன், சொந்த வருமானத்தில் வாழ்வேன் என்கிறவர்களுக்கானது. அதற்கு எவ்வளவு வருமானம் காட்ட வேண்டும்? "இப்ரெம்" என்று அரசு ஒரு அடிப்படைத் தொகை வைத்திருக்கிறது. 2023 முதல் அது மாதம் 600 யூரோ. அதைப்போல் நான்கு மடங்கு, அதாவது மாதம் 2,400 யூரோ காட்ட வேண்டும். மனைவியும் வந்தால் இன்னொரு 600 சேர்த்து 3,000.

திரு. எக்ஸின் 1,147 யூரோ இதில் பாதிகூட இல்லை. "குறைந்த பென்ஷனில் வசதியாக வாழலாம்" என்று டேபிள் போட்டவர்கள் இதைச் சொல்லவே இல்லை பாருங்கள். மலிவு என்று கூப்பிடுகிற நாடு, மலிவு தேவைப்படுகிற ஆளை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. போர்ச்சுகலின் டி7 விசாவில் இந்த எல்லை கொஞ்சம் தாழ்வு. அந்த நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் அளவுக்கு நிலையான வருமானம் காட்ட வேண்டும். 2025ல் அது 870 யூரோ. திரு. எக்ஸ் தனியாளாகப் போனால் அங்கே தேறிவிடுவார்.

இரண்டாவது: வருமானம் ஒரு நாணயம், செலவு இன்னொரு நாணயம்

சரி, கம்பெனி பென்ஷனும் சேமிப்பும் சேர்த்து விசா வாங்கிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது அவருடைய வரவு பவுண்டில், செலவு யூரோவில். ஏற்றுமதி இறக்குமதி செய்கிற கம்பெனியில் அந்நியச் செலாவணி ரிஸ்க்கைச் சமாளிக்க ஆள் போட்டு வைத்திருப்பார்கள். திரு. எக்ஸுக்கு யார் இருக்கிறார்கள்?

பழைய கணக்கைப் பாருங்கள். 2007 தொடக்கத்தில் ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய 1.50 யூரோ கிடைத்தது. 2008 டிசம்பர் கடைசியில் அது 1.02 அளவுக்கு வந்தது. மாதம் 900 பவுண்டு வாங்கியவருக்கு 1,350 யூரோவாக வந்துகொண்டிருந்தது, இரண்டே வருஷத்தில் 918 ஆனது. மாதம் 432 யூரோ காலி, அதாவது 32 சதவீதம். அவர் ஒரு பைசா ஊதாரித்தனம் செய்யவில்லை. யாரும் பென்ஷனைக் குறைக்கவும் இல்லை.

பிறகு ஏறியது. 2015 கோடையில் 1.40 வரை போனது. 2016 ஜூனில் பிரெக்ஸிட் வாக்கெடுப்பு, அக்டோபரில் 1.10 பக்கம் வந்து நின்றது. வேலை பார்க்கிற வயதென்றால் ஓவர்டைம் பார்த்துச் சமாளிக்கலாம். 75 வயதில், அதுவும் வேலை செய்யக் கூடாது என்று எழுதிய விசாவில், என்ன செய்வது? வாடகை ஒப்பந்தம் யூரோவில், கரண்ட் பில் யூரோவில். சாப்பாட்டில் கை வைக்க வேண்டியதுதான்.

அதனால் இப்படிப் போகிறவர் பட்ஜெட் போடும்போது இன்றைய ரேட்டில் போடவே கூடாது என்பேன். இன்றைய வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு, மீதியில் குடும்பம் ஓடுமா என்று பார்க்க வேண்டும். ஒரு முறை நடந்தது இன்னொரு முறையும் நடக்கலாம்.

மூன்றாவது: டாக்டர் யார் செலவில்?

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. அரசு பென்ஷன் வாங்குகிற பிரிட்டிஷ்காரர் எஸ்1 என்ற படிவத்தை வாங்கி ஸ்பெயினில் பதிவு செய்தால், அந்த ஊர்க்காரர் போலவே அரசு மருத்துவம் கிடைக்கும். செலவை பிரிட்டன் கொடுக்கும். பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் இது தொடர்கிறது. ஸ்பெயினின் பொது மருத்துவமும் நல்ல பெயர் வாங்கியது.

சிக்கல், பென்ஷன் வயதுக்கு முன்னால் போகிறவர்களுக்கு. 58ல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கிளம்புகிறவருக்கு எஸ்1 கிடையாது. பென்ஷன் வயது 2025ல் 66, 2028க்குள் 67 ஆகிவிடும். நடுவில் உள்ள வருஷங்களுக்குத் தனியார் இன்சூரன்ஸ் எடுத்தாக வேண்டும். விசாவுக்கும் அது நிபந்தனை, அதுவும் முழுக் காப்பீடாக இருக்க வேண்டும். ஏற்கெனவே இதய நோயோ சர்க்கரையோ இருந்தால் பிரீமியம் எங்கேயோ போகும், சில சமயம் பாலிசியே கிடைக்காது. ஒரு வருஷம் பதிவு செய்து வாழ்ந்த பிறகு "கொன்வேனியோ எஸ்பெஸியால்" என்ற திட்டத்தில் பணம் கட்டி அரசு மருத்துவத்தில் சேரலாம். 65க்குக் கீழே மாதம் 60 யூரோ, 65க்கு மேலே 157 யூரோ. ஆனால் அதில் மருந்துக்கு மானியம் கிடையாது, கடையில் முழு விலை.

மருத்துவம் என்றால் ஆஸ்பத்திரி மட்டும் இல்லையே. பக்கவாதம் வந்து படுத்துவிட்டால் யார் குளிப்பாட்டுவது, யார் ஊட்டுவது? ஸ்பெயினில் 2006ல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். அடுத்தவரைச் சார்ந்து வாழ்கிறவர்களுக்கு அரசு உதவி. ஐந்து வருஷம் அங்கே சட்டப்படி குடியிருந்திருக்க வேண்டும், அதில் கடைசி இரண்டு வருஷம் விண்ணப்பிக்கும் முன்பு தொடர்ச்சியாக. அப்புறம் வரிசையில் காத்திருக்க வேண்டும். ஸ்பெயின்காரர்களின் வீட்டில் இந்த வேலையை மகளோ மருமகளோ பார்த்துக்கொள்வார்கள் என்ற கணக்கில்தான் அந்தச் சமூகமே பல காலம் ஓடியது. நமக்கு இது புரியும், நம்ம ஊரும் அப்படித்தானே. திரு. எக்ஸின் மகள் மான்செஸ்டரில் இருக்கிறாள். அவளால் தினமும் வர முடியாது.

மொழியும் இங்கேதான் உதைக்கும். காபி வாங்க ஸ்பானிஷ் தேவையில்லை. கடற்கரை ஊர்களில் இருபது வருஷம் ஆங்கிலத்திலேயே ஓட்டிவிடலாம். "நெஞ்சுக்குள்ளே ஏதோ பிசைகிற மாதிரி இருக்கு" என்று ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு நர்ஸிடம் சொல்வதற்குத்தான் மொழி வேண்டும். வயதாகி நினைவு தப்பும்போது பின்னால் கற்ற மொழிதான் பெரும்பாலும் முதலில் தடுமாறும் என்பார்கள்.

நான்காவது: அரசாங்கம் கொடுத்த வாக்கு

வரிக்கு வருவோம், என் சப்ஜெக்ட் :-)

2009ல் போர்ச்சுகல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. புதிதாகக் குடியேறுகிறவர்களுக்குப் பத்து வருஷம் வரிச்சலுகை. இதில் வெளிநாட்டுப் பென்ஷனுக்குப் பெரும்பாலும் வரியே இல்லாமல் போனது. ஃபின்லாந்து, ஸ்வீடன் ஆட்களெல்லாம் கிளம்பிப் போனார்கள். சொந்த நாட்டுக்கும் வரி இல்லை, போன நாட்டுக்கும் வரி இல்லை. ஃபின்லாந்துக்குக் கோபம் வந்தது. போர்ச்சுகலோடு இருந்த வரி ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டது, 2019 முதல் அமல். ஸ்வீடனும் 2022 முதல் அதையே செய்தது. போர்ச்சுகலும் 2020ல் புதிதாக வருகிறவர்களின் பென்ஷனுக்கு 10 சதவீதம் வரி போட்டது. 2024 முதல் பழைய திட்டத்தில் புதியவர்களைச் சேர்ப்பதே நின்றது. இப்போது கிரீஸும் தெற்கு இத்தாலியின் சிறு ஊர்களும் 7 சதவீத வரி என்று கூப்பிடுகின்றன. எத்தனை நாளைக்கு என்று நீங்களே யோசியுங்கள். வரிச்சலுகைக்குக் காலாவதி தேதி உண்டு. மனுஷன் வீடு வாங்கிக் குடியேறுவது அதைவிட நீண்ட காலத்துக்கு.

ஸ்பெயினில் வேறு மாதிரி. பிரிட்டனில் வரி இல்லாத சேமிப்பு என்று நினைத்துப் போட்டுவைத்த ஐ.எஸ்.ஏ கணக்கை ஸ்பெயின் அப்படிப் பார்ப்பதில்லை. அங்கே குடியிருப்பவரானால் அந்த வருமானத்துக்கு வரி உண்டு. வெளிநாட்டுச் சொத்து ஒரு வகையில் 50,000 யூரோவைத் தாண்டினால் "மாடல் 720" என்ற படிவத்தில் அறிவிக்க வேண்டும். இதைத் தாமதித்தவர்களுக்கு ஸ்பெயின் போட்ட அபராதம் அளவுக்கு மீறியது என்று 2022 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றமே சொன்னது. அபராதம் குறைந்தது, படிவம் அப்படியே இருக்கிறது.

அனுப்பி வைத்த நாடும் யோக்கியம் இல்லை. பிரிட்டனில் முதியோர்களுக்குக் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க ஒரு உதவித்தொகை கொடுத்துவந்தார்கள், தகுதி உள்ளவர்களுக்கு வெளிநாட்டிலும். 2015 குளிர்காலத்திலிருந்து ஸ்பெயின், போர்ச்சுகல், கிரீஸ், பிரான்ஸ் போன்ற நாடுகளில் இருப்பவர்களுக்கு அதை நிறுத்தினார்கள். அங்கே வெயில்தானே என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2023ன் யூரோஸ்டாட் கணக்குப்படி, வீட்டைப் போதுமான அளவு சூடாக வைத்துக்கொள்ள முடியவில்லை என்று சொன்னவர்கள் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே அதிகம் இருந்த நாடுகள் எவை தெரியுமா? ஸ்பெயினும் போர்ச்சுகலும்தான், இரண்டிலும் 20.8 சதவீதம். அங்கே பழைய வீடுகளை வெயிலுக்காகக் கட்டியிருக்கிறார்கள். ஜனவரியில் தரை ஓடு ஐஸ் மாதிரி இருக்கும்.

இந்தியாவுக்கும் இதில் ஒரு தொடர்பு

பிரிட்டிஷ் அரசு பென்ஷன் வருஷா வருஷம் உயரும். பிரிட்டனுக்கு உள்ளேயும், ஐரோப்பிய நாடுகளிலும், அமெரிக்கா, பிலிப்பைன்ஸ் போன்ற ஒப்பந்தம் உள்ள சில நாடுகளிலும் இருப்பவர்களுக்கு. ஆனால் ஆஸ்திரேலியா, கனடா, தென்னாப்பிரிக்கா, இந்தியா போன்ற நாடுகளில் இருந்தால் உயராது. முதல் முறை அங்கே வாங்கிய தொகையே கடைசி வரை. இதைத்தான் "உறைந்த பென்ஷன்" என்கிறார்கள்.

2000ல் ரிட்டயர் ஆனவருக்கு முழு அடிப்படைப் பென்ஷன் வாரம் 67.50 பவுண்டு. அவர் ஸ்பெயினில் குடியேறியிருந்தால் 2025-26ல் 176.45 பவுண்டு வாங்குவார். இந்தியாவுக்கு வந்திருந்தால் இன்னமும் அதே 67.50. லண்டன் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக உழைத்து, எல்லோரையும் போலச் சந்தா கட்டி, கடைசியில் பிறந்த ஊரான திருச்சிக்குத் திரும்புகிற அம்மாவுக்கும் இதே விதிதான். 2012ல் ஒரு ஆங்கிலப் படம் வந்தது, "தி பெஸ்ட் எக்ஸாட்டிக் மேரிகோல்டு ஹோட்டல்". வயதான பிரிட்டிஷ்காரர்கள் ஜெய்ப்பூரில் வந்து தங்குகிற கதை. படம் நன்றாக இருந்தது. அந்த ஊரில் அவர்கள் பென்ஷன் உறைந்துவிடும் என்று யாராவது அவர்களிடம் சொன்னார்களா என்பதுதான் என் கவலை.

இதை எதிர்த்து தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த கார்சன் என்ற பெண்மணி வழக்குப் போட்டார். 2005ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபையில் தோற்றார். அவரும் வேறு சிலரும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2010ல் அங்கேயும் தோற்றார்கள். சட்டம் ஒத்துக்கொண்டது என்பதால் நியாயம் ஆகிவிடாது என்பது என் கட்சி. ஒரே சந்தா, ஒரே வேலை. முகவரி மாறினால் பென்ஷன் ஏன் மாற வேண்டும்?

இதை இங்கே சொல்லக் காரணம், ஸ்பெயினில் பென்ஷன் உயர்கிறது என்பதும் இரண்டு அரசுகள் செய்துகொண்ட ஏற்பாட்டால்தான். பென்ஷன் என்பது நம் பணம் என்று நினைக்கிறோம். எந்த ஊரில் நின்றுகொண்டு கை நீட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு மாறுகிறது.

ஐந்தாவது: திரும்பி வரும் செலவு

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். திரு. எக்ஸுக்கு 82 வயது. மனைவி போய்விட்டார். கண் மங்குகிறது, கார் ஓட்ட முடியவில்லை. கடற்கரையை ஒட்டிய மேட்டில் உள்ள வீட்டிலிருந்து கடைக்கு நடக்க முடியாது. மகள் பக்கத்தில் போய்விடலாம் என்று தோன்றுகிறது. எல்லோரும் "அப்படி ஆனால் திரும்பிவிடலாம்" என்று சொல்லித்தான் கிளம்புகிறார்கள்.

2000ல் பிரிட்டனில் சராசரி வீட்டு விலை ஒரு லட்சம் பவுண்டுக்கும் கீழே. 2025ல் சுமார் 2.7 லட்சம். அன்றைக்கு விற்றுவிட்டுப் போனவர் ஸ்பெயினில் வாங்கிய வீடு என்ன ஆனது? அங்கே 2007-08ல் உச்சத்துக்குப் போன விலை 2014க்குள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விழுந்தது. பிறகு ஏறியிருக்கிறது, ஆனால் வீடு விற்க வேண்டிய தேதியை 82 வயதுக்காரர் தேர்ந்தெடுப்பதில்லை, அவர் உடம்பு தேர்ந்தெடுக்கிறது. சில வீடுகளை விற்கவே முடியாது. அந்தலூசியாவில் நகராட்சி அனுமதியை நம்பி வீடு வாங்கினவர்களில் பலருக்குப் பின்னால் அந்த அனுமதியே செல்லாது என்று தெரிந்தது. அல்மெரியா மாகாணத்தில் 2008ல் ஒரு வயதான பிரிட்டிஷ் தம்பதியின் வீட்டைப் புல்டோசர் வைத்தே இடித்தார்கள்.

திரும்பி வந்தால் அரசு பார்த்துக்கொள்ளாதா? பிரிட்டனில் மறுபடி குடியிருக்க ஆரம்பித்தால் இலவச மருத்துவம் கிடைக்கும், அது உண்மை. ஆனால் வருமானம் பார்த்துக் கொடுக்கிற உதவித்தொகைகளுக்கு "இங்கேதான் வழக்கமாக வாழ்கிறேன்" என்று நிரூபிக்கிற சோதனை ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் குடிமகனாகவே இருந்தாலும் வெளிநாட்டிலிருந்து திரும்பினவர் அதில் தேற வேண்டும்.

ஆக, போகும்போது ஒரு விமான டிக்கெட், வரும்போது ஒரு வீட்டு விலை வித்தியாசம். லட்சக்கணக்கில். ஒவ்வொரு மாதமும் காய்கறியில் மிச்சம் பிடித்த முப்பது யூரோவும், வாடகையில் மிச்சம் பிடித்த முந்நூறு யூரோவும் சேர்ந்து இதை ஈடுகட்டுமா? மாதம் 330 என்றால் வருஷத்துக்கு 3,960, பதினாறு வருஷத்துக்கு 63,360 யூரோ. அதுவும் ஒரு யூரோ செலவழிக்காமல் அப்படியே சேர்த்து வைத்திருந்தால். ஆனால் மலிவுக்காகப் போனவர் சேர்த்தா வைத்திருப்பார்? அந்தப் பணத்தில்தானே வாழ்ந்திருப்பார்.

நம்ம பாடத்தில் "நிகழக்கூடிய பொறுப்பு" என்று ஒன்று வரும். இன்றைக்குக் கடன் இல்லை, ஆனால் ஒன்று நடந்தால் கடனாகும். அதை இருப்புநிலைக் குறிப்பின் அடியில் குறிப்பாகவாவது எழுத வேண்டும் என்பது விதி. திரும்பி வரும் செலவு அப்படிப்பட்டது. "சிறந்த பத்து நாடுகள்" எழுதுகிறவர்கள் அந்த அடிக்குறிப்பைப் போடுவதே இல்லை.

அந்த ஊர்க்காரர் கணக்கு

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வெளிநாட்டுப் பென்ஷனும் வெளிநாட்டு வீடு விற்ற பணமும் வந்து இறங்குகிற ஊரில், உள்ளூர்ச் சம்பளத்தில் வாழ்கிறவருக்கு வீடு எட்டாமல் போகிறது. மலாகாவிலும் லிஸ்பனிலும் வாடகையை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்தார்கள். இதற்கு சுற்றுலாவும் முதலீட்டாளர்களும் பெரிய காரணம், பென்ஷன்காரர் சின்னக் காரணம். ஆனால் அரசு விதி போடும்போது எல்லோர் மேலும்தான் விழும். போர்ச்சுகல் 2023ல் வீடு வாங்கினால் தங்க அனுமதி என்ற வழியை மூடியது. ஸ்பெயின் 2025 ஏப்ரலில் அதேபோன்ற விசாவை முழுசாக நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குடியிருப்பவர்கள் வீடு வாங்கினால் 100 சதவீதம் வரை வரி போடலாம் என்று ஸ்பெயின் பிரதமர் சாஞ்செஸ் 2025 ஜனவரியில் முன்மொழிந்தார். மலிவைத் தேடிப் போகிறவர்களே சேர்ந்து மலிவைத் தீர்த்துவிடுகிறார்கள். அதற்கப்புறம் வருகிற கோபமும் அவர்கள் கணக்கில்தான் வரும்.

அப்படியென்றால் போகவே கூடாதா?

போகலாம். வெயில் நல்லது, மூட்டு வலி குறைந்தது என்று சந்தோஷமாக வாழ்கிறவர்கள் ஏராளம். அதை நான் மறுக்கவில்லை. போகிறவர் இதையெல்லாம் செய்துவிட்டுப் போகட்டும்.

ஊரில் இருக்கும் வீட்டை விற்க வேண்டாம். வாடகைக்கு விட்டுவிட்டு, அங்கேயும் வாடகைக்கே இரண்டு குளிர்காலம் இருந்து பார்க்கட்டும். கோடையில் பார்த்து முடிவெடுப்பது, கல்யாண மண்டபத்தைப் பார்த்து மாப்பிள்ளையை முடிவு செய்கிற மாதிரி.

கடற்கரையைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரி எத்தனை நிமிஷம், கார் இல்லாமல் கடைக்குப் போக முடியுமா, வீட்டில் லிப்ட் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் விற்பவர் காட்டுகிற வக்கீலை வைக்காமல் தனக்கென்று ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளட்டும். வீட்டு விலைக்கு மேலே வரியே பெரிய தொகை. ஸ்பெயினில் புது வீட்டுக்கு 10 சதவீதம், பழைய வீட்டுக்கு மாநிலத்தைப் பொறுத்து பெரும்பாலும் 6லிருந்து 10 சதவீதம்.

உயில் எழுதட்டும். 2015 ஆகஸ்ட் முதல் அமலில் உள்ள ஐரோப்பிய விதிப்படி, என் சொந்த நாட்டுச் சட்டப்படியே என் சொத்து போகட்டும் என்று உயிலில் எழுதலாம். எழுதாவிட்டால் வாழ்ந்த நாட்டுச் சட்டம் வரும். ஸ்பெயினில் பிள்ளைகளுக்குக் கட்டாயப் பங்கு உண்டு, மனைவிக்கே எல்லாம் என்று நினைத்திருந்தால் சிக்கல்.

கடைசியாக, திரும்பி வரத் தேவையான பணத்தைத் தனியாக, சொந்த நாட்டு நாணயத்தில் போட்டுவைக்கட்டும். அதைத் தொடாமல் அங்கே வாழ முடிகிறது என்றால் தாராளமாகப் போகலாம். அதைத் தொட்டால்தான் வாழ முடியும் என்றால் அவருக்கு ஸ்பெயின் மலிவு இல்லை.

நம் வகுப்பில் பாதிப் பேருக்கு முதல் சம்பளமே இன்னும் வரவில்லை, ரிட்டயர்மென்ட் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். ஆனால் நம்மில் சிலர் லண்டனுக்கோ டொராண்டோவுக்கோ போகத்தான் போகிறோம். அங்கே சந்தா கட்டி, வயதான பிறகு எங்கே இருப்பது என்ற கேள்வி நமக்கும் வரும். அன்றைக்கு யாராவது மலிவு டேபிளை நீட்டினால், அதில் திரும்பி வரும் செலவு எந்த வரியில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.